மாடித்தோட்ட குரூப் தூங்கிடுச்சு, எப்படி எழுப்புறது?

மாடிவாசி:
வணக்கம் மக்களே. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஏரியா ஆளுங்க 40 பேர் சேந்து மாடித்தோட்டத்துக்குன்னு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம், ஆடி பொறந்தா யார்கிட்ட என்ன விதை இருக்குன்னு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஓடும், இப்ப பாத்தா காலையில குட் மார்னிங் படம், சாயங்காலம் மூட்டுவலிக் கஷாயம், அவ்ளோதான். போன வாரம் என் கத்தரிச்செடி நுனி வாடி தலை சாஞ்சு கிடந்துச்சுன்னு போட்டோ போட்டேன், மூணு பேர் கும்பிடு போட்டுட்டு போயிட்டாங்க. அட்மின் நான்தான். மூடிடலாமா?

கீரைக்காரி:
மூடாதீங்க சார். மொதல்ல அந்தக் கத்தரி. சாஞ்ச நுனிக்கு ரெண்டு இன்ச் கீழ நறுக்கி தண்ட பிளந்து பாருங்க, வெளிர் ரோஸ் கலர்ல புழு இருக்கும். விட்டா அடுத்து காய்க்குள்ள பூந்துடும், அப்படியே சோப்புத் தண்ணில முக்கிடுங்க. எங்க குரூப்பும் படுத்துதான் கிடந்துச்சு. ஞாயித்துக்கெழம செத்துப்போன செடி போட்டோ மட்டும் போடணும்னு வெச்சோம். கொத்துக்கொத்தா காய்ச்ச தக்காளிய போட்டா சூப்பர்னு சொல்லிட்டு போயிடுவாங்க, வாடுன செடிய போட்டா ஆளாளுக்கு டாக்டர் ஆயிடுறாங்க 😄

சுரைக்கொடி:
எங்களுக்கு உயிர் குடுத்தது ஒரு சுரைக்கொடி. பூ பூவா பூக்குது, பிஞ்சு ஒண்ணும் நிக்கலன்னு ஒரு அக்கா புலம்புனாங்க. கேட்டா பூசணிக்கு பண்ற மாதிரி காலையில போய் கையால மகரந்தம் தொட்டு வெச்சிருக்காங்க, சுரைப்பூ சாயங்காலம்ல விரியும்! ஆறரை மணிக்கு வீடியோ கால் போட்டு, ஆண் பூவ பறிச்சு இதழ பிச்சுட்டு, அடியில குட்டி சுரைக்கா ஒட்டிருக்கிற பெண் பூ நடுவுல தடவ சொன்னோம். அப்பறம் ஒரு வாரம் பூரா பிஞ்சு தடிச்சுச்சா, மஞ்சளாகி விழுந்துச்சான்னு ஊரே விசாரிக்குது. இன்னொன்னு, நாட்டு விதை வாங்குனவங்க அறுவடை முடிஞ்சு ரெண்டு மடங்கா திருப்பி தரணும்னு சொல்லுங்க, கணக்கு தீர்க்கவாவது குரூப்புக்கு வருவாங்க. ஹைப்ரிட்ட மட்டும் இதுல சேக்காதீங்க, அதோட விதைய போட்டா அதே காய் வராது.

பெரியவர்:
தம்பி, இது சித்திரை வெயிலு, மாடியில செடியே இல்லாதப்ப எத பேசுவாங்க? ஆனி கடைசில விதை லிஸ்ட் போட்டுப் பாருங்க. குட் மார்னிங் போடுறவங்கள விரட்டிடாதீங்கப்பா. எங்க குரூப்ல தெனமும் முருகர் படம் போடுற மாமிதான் எல்லாருக்கும் சிறகு அவரை விதை குடுத்தாங்க. ஆடில போட்டது, பொழுது குறுகுனாதான் பூக்கும்னு தெரியாம நான் புரட்டாசிலயே கொடிய புடுங்கப் போயிட்டேன், மாமிதான் திட்டி நிறுத்துனாங்க.

மாடிவாசி:
கீரைக்காரி மேடம், நறுக்குனேன், ரெண்டு தண்டுலயும் புழு! வீடியோ எடுத்து குரூப்ல போட்டேன், "உவ்வே"ன்னு ஏழு பேரு, என் செடியும் இப்படித்தான் இருக்குன்னு நாலு பேரு. அதுல ஒருத்தர் எங்க பின்னாடி தெருவாம், சாயங்காலம் கத்தரியோட வரேன்னு சொல்லிருக்காரு.