குதிரையை விற்பதா, இரவலாகக் கொடுப்பதா?

வணக்கம் நண்பர்களே. வெளிநாட்டிலேயே தங்குவது என்று முடிவாகிவிட்டது. என் 16 வயதுப் பெண்குதிரை ஊரிலேயே நிற்கிறாள். விமானத்தில் கொண்டுவர ரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் என்று கட்டுப்படியாகாத செலவு. இந்த வயதில் அவளுக்கும் அலைச்சல்.

விற்றால், வாங்கியவர் நாளைக்கு யாரிடம் தள்ளிவிடுவாரோ! இரவலாகக் கொடுத்தால் உரிமை என்னிடமே இருக்கும். ஆனால் நடுராத்திரியில் கடும் வயிற்றுவலி வந்து, அறுவை சிகிச்சை செய்யலாமா என்று மருத்துவர் கேட்டால் யார் முடிவெடுப்பது? 6 முதல் 8 வாரத்துக்கொருமுறை லாடம், தடுப்பூசி, பல் ராவுவது எல்லாம் யார் செலவு? திடீரென்று 'திருப்பி எடுத்துக்கோங்க' என்றால் இங்கிருந்து நான் என்ன செய்ய?

இப்போது சவாரி செய்யும் பெண் தங்கமானவள், வாங்கத்தான் வசதியில்லை. இரவல் ஒப்பந்தம் எழுதியவர்கள், எந்த நிபந்தனை நிஜமாகவே கைகொடுத்தது என்று சொல்லுங்கள். விற்றவர்களும் எழுதுங்கள்: 'மறுபடி விற்றால் முதலில் என்னைக் கேட்க வேண்டும்' என்று எழுதி வாங்கினால் நடைமுறையில் செல்லுமா?