34 வாரம், ராத்திரி கால் குடைச்சலில் தூக்கமே இல்லை

நெல்லைப் பொண்ணு:
தோழிகளே, முதல் குழந்தை. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி படுத்ததும் முழங்காலுக்குக் கீழே உள்ளுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது. வலி என்று சொல்ல முடியாது. காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. எழுந்து வாசல் வரை நடந்தால் அடங்குகிறது, படுத்தால் மறுபடி ஆரம்பிக்கிறது. விடியும்போதுதான் கண் அசருகிறது. இடது பக்கம்தான் படுக்கணும் என்று அம்மா சொல்கிறார்கள். விழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் பதறிவிடுகிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

இரட்டை வால் அம்மா:
எனக்கும் ஒன்பதாம் மாதம் இப்படித்தான் போனது. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்குக் கீழே மடித்த போர்வை வைத்துப் பாருங்கள். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுங்கள், நெஞ்செரிச்சல் குறையும்.

பிரசவ வார்டு அக்கா:
தங்கச்சி, முதலில் பயத்தை விடுங்கள். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். அதனால்தான் 28 வாரத்துக்கு மேல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறோம். இடதோ வலதோ, எந்தப் பக்கமும் சரிதான். விழிக்கும்போது மல்லாந்திருந்தால் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கால் விஷயத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்வது வேறு. ஆட்டினால் அடங்கி, படுத்தால் திரும்ப வரும் குடைச்சல் இரும்புச்சத்துக் குறைவிலும் வரும். வார்டில் நிறையப் பேர் ‘இது கர்ப்பத்தில் சகஜம்’ என்று நினைத்து, டாக்டரிடம் சொல்லாமலேயே விட்டுவிடுகிறார்கள். உங்கள் அட்டையில் ஹீமோகுளோபின் எவ்வளவு?

நெல்லைப் பொண்ணு:
போன மாதம் 9.4 அக்கா. பக்கத்து வீட்டில் சளி மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்கிறார்களே, போடலாமா?

பிரசவ வார்டு அக்கா:
வேண்டாம்மா. தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள் இந்தக் குடைச்சலை அதிகமாக்கும். கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகைதான். அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே போய், கால் குடைச்சலையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கணுமா, மாத்திரை போதுமா, டிரிப்ஸில் இரும்புச்சத்து ஏற்றணுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ஏற்றுகிற வசதி பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கிறது.

இரும்பு மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதோடும் சேர்க்காதீர்கள். எலுமிச்சம்பழ ஜூஸோடு போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம். படுக்கும் முன் அம்மாவைக் கெண்டைக்காலை மெதுவாக நீவிவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ராத்திரி உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு வந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நெல்லைப் பொண்ணு:
அரிப்பு இல்லை அக்கா, அசைவும் நன்றாக இருக்கிறது. காலையில் அம்மாவோடு போகிறேன்.