1/8 ரிமோட் கார் (பக்கி): நடு டிஃப் எண்ணெய் ரெண்டு பேட்டரிக்குள்ள காலி, 20,000 ஊத்தலாமா?

ஊருணிக்கரை:
அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி ரிமோட்ல ஓட்டுற 1/8 அளவு எலக்ட்ரிக் பக்கி. முன், நடு, பின் மூணுமே கியர் டிஃப் (டிஃபரன்ஷியல், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி). சிலிக்கான் எண்ணெய் (நம்பர் கூடினா தடிமன் கூடும்) முன்னாடி 7,000, நடுவுல 7,000, பின்னாடி 3,000. ஓட்டுறது காரைக்குடிக்கு வெளிய காஞ்ச கண்மாய்ப் பொட்டல்ல. மேல செம்புழுதி, அடியில சரளை.

முதல் பேட்டரி நல்லாப் போகுது. ரெண்டாவது பேட்டரி பாதியில, வளைவு முடிஞ்சு த்ராட்டில் அழுத்தினா முன் சக்கரம் ரெண்டும் பலூனா உப்பிச் சும்மா சுத்துது, வண்டி நகர மாட்டேங்குது. நடு டிஃப்பைச் சுத்தி மண்ணு ஈரமா அப்பியிருக்கு. எண்ணெய் மாத்தி மூணு வாரம்தான் ஆச்சு. நடுவுல 20,000 ஊத்தினா சரியாகுமா? இல்ல டிஃப்பையே லாக் பண்ணிடலாமா?

செம்மண்பக்கி:
தம்பி, எண்ணெய் நம்பரை விடுங்க. அந்த ஈர மண்ணுதான் பதில். உள்ள எண்ணெய் இல்ல. எண்ணெய் இல்லாத டிஃப், சுமை குறைஞ்ச பக்கத்துக்கே சக்தியைத் தள்ளும். த்ராட்டில் அழுத்தும்போது எடை பின்னால சாயுறதால முன் சக்கரம் லேசாகுது, அதான் அது உப்புது. 20,000 ஊத்தினாலும் அதே ஓட்டை வழியா வெளிய வரும், கொஞ்சம் மெதுவா வரும், அவ்வளவுதான்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. வண்டியைத் தூக்கி, சக்கரம் எதுவும் தரையில படாம வைங்க. ஸ்பர் கியரை (நடு டிஃப் மேல இருக்கிற, மோட்டார் சுத்துற பெரிய பல்சக்கரம்) விரலால அசையாமப் பிடிச்சுட்டு, முன் டிரைவ் ஷாஃப்டைத் திருப்பிப் பாருங்க. 7,000 இருந்தா தேன்ல கரண்டி விட்ட மாதிரி இழுக்கும். தண்ணி மாதிரி ஓடினா காலி.

லாக் பண்ற யோசனையும் வேண்டாம். நடு டிஃப் லாக் ஆனா பிரேக் பிடிக்கும்போது முன்னும் பின்னும் ஒண்ணா இறுகும். குதிச்சு இறங்குற அடி நேரா முன் பின் டிஃப்போட ரிங் கியர் (பெரிய பல்சக்கரம்), அதைச் சுத்துற பினியன் (சின்னது) பல்லுக்குப் போகும். சரளையில அது ரொம்ப நாள் தாங்காது.

ரெண்டாம்கட்டு:
செம்மண்பக்கி சொன்னது சரி. பிரிக்கிற முறையைச் சொல்றேன்.

பட்டாலையில ஆத்தங்குடிக் கல்லு மேல வச்சுப் பிரிக்காதீங்க. அது சிமென்ட் கல்லு, எண்ணெயைக் குடிச்சிரும். சிலிக்கான் எண்ணெய் எத்தனை தடவை துடைச்சாலும் வழுக்கும், அப்புறம் ஆச்சிகிட்ட யார் வாங்கிக் கட்டிக்கிறது? விளிம்பு வச்ச எவர்சில்வர் தட்டு போதும்.

வண்டியை முதல்ல பிரஷால தட்டிச் சுத்தம் பண்ணிட்டுத்தான் திருகுல கை வைக்கணும். ஸ்பர் கியரைப் பிடிச்சிருக்கிற திருகை எடுத்து, மூடியைத் தூக்கினா கிராஸ் பின், சின்ன ஸ்பைடர் கியர், அடியில சன் கியர், அதுக்குக் கீழ ஷிம் (மெல்லிசு உலோக வளையம்), ஓ-ரிங் (எண்ணெய் கசியாமத் தடுக்கிற ரப்பர் வளையம்) வரும். வர்ற வரிசையிலேயே தட்டுல வைங்க, போட்டோ எடுத்துக்கோங்க. ஷிம் ஒண்ணு மாறிப் போனாலும் கியர் இறுகும்.

கியரை வெந்நீர், பாத்திரம் விளக்குற சோப்புத் திரவம், பழைய டூத் பிரஷ் வச்சே கழுவலாம். அவசரம்னா டூவீலர் கடை பிரேக் கிளீனர், ஆனா உலோகத்துக்கு மட்டும். ரப்பர்ல பட்டா உப்பிரும். பெட்ரோலும் அப்படித்தான்.

பழைய எண்ணெய் என்ன நிறம், ஓ-ரிங் எப்படி இருக்கு, அவுட்டிரைவ் (டிஃப்லேருந்து வெளிய வர்ற தண்டு) மேல ஓ-ரிங் உட்கார்ற இடத்துல நகத்தை ஓட்டினா என்ன தெரியுது. இந்த மூணையும் எழுதுங்க, அப்புறம் மேல பேசலாம்.

ஊருணிக்கரை:
பிரிச்சாச்சு அண்ணே. முக்கால்வாசி காலி. மிச்சம் இருந்தது சாம்பல் நிறம். ஒரு பக்கத்து ஓ-ரிங் உப்பி, ஓரம் பிஞ்சு, கொழகொழன்னு இருக்கு. அது போன தடவை பைப் சாமான் கடையில வாங்கின சிவப்பு ரிங், சிலிக்கான் ரப்பர்னு சொன்னாங்க. தண்டுல நகம் லேசாத் தட்டுது. எண்ணெய் விளிம்பு வரைக்கும்தான் ஊத்தியிருந்தேன்.

ரெண்டாம்கட்டு:
எல்லாம் ஒரே இடத்துல சிக்கிருச்சு.

சிலிக்கான் எண்ணெய்க்குச் சிலிக்கான் ரப்பர் ஆகாது. ரெண்டும் ஒரே இனம், ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதிரும். ஊதினது பள்ளத்துல அடங்காமப் பிதுங்கும், சுத்துற தண்டு அந்த ஓரத்தைக் கடிச்சு எடுக்கும். நைட்ரைல் ரப்பர் ரிங் போடுங்க. விட்டான் ரப்பர் கிடைச்சா அதுவும் சரி. அளவைக் கண்ணால பார்த்து வாங்காதீங்க. பிஞ்சதை அளந்தா உப்பின அளவுதான் வரும், அதனால வண்டியோட பாக அட்டவணையில உள்விட்டமும் தடிமனும் பார்த்து வாங்குங்க.

விளிம்பு வரைக்கும் ஊத்தினது ரெண்டாவது தப்பு. சிலிக்கான் எண்ணெய் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கிட்டத்தட்ட நூத்துல ஒரு பங்கு விரியும். 30 டிகிரியில மூடின டிஃப் ஓடி 80 டிகிரி ஆனா 5 சதவீதம் கூடுதல் எண்ணெய். உள்ள காத்துக்கு இடம் இல்லேன்னா அந்த அழுத்தம் ஓ-ரிங்கைத்தான் தள்ளும். உங்களுக்கு முதல் பேட்டரி நல்லாப் போயி ரெண்டாவதுல கெட்டது இதனாலதான்.

ஊத்துற அளவு: கிராஸ் பின் முங்கி, அதுக்கு மேல ஒரு மில்லிமீட்டர். ஊத்திட்டு கியரைக் கையால நாலு சுத்துச் சுத்துங்க, குமிழி மேல வரும். பத்து நிமிஷம் விட்டு மறுபடி பாருங்க. 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு இருந்தா காலி டிஃப், நிரப்பின டிஃப் ரெண்டையும் எடை போட்டு ஒரு தாள்ல எழுதி வைங்க. அடுத்த தடவை கண்ணளவே வேண்டாம், கசியுதான்னும் தராசே சொல்லிரும்.

மூடும்போது கேஸ்கெட் புதுசு. திருகை முதல்ல இடப்பக்கமாத் திருப்புங்க, பழைய மரை விழுந்த இடத்துல ‘டக்’னு ஒரு சத்தம் வரும், அங்கேருந்து இறுக்குங்க. நேரா அழுத்தினா பிளாஸ்டிக்ல புது மரை வெட்டும், ரெண்டு தடவையில திருகு பிடிக்காது. எதிரெதிர்த் திருகா மாத்தி மாத்தி இறுக்கணும். பிளாஸ்டிக்ல திரெட்லாக் வேண்டாம்.

தண்டுல நகம் தட்டுதுன்னா அவுட்டிரைவ் மாத்தணும். புது ஓ-ரிங் போட்டாலும் அந்தப் பள்ளத்து வழியா வெளிய வரும்.

செம்மண்பக்கி:
சாம்பல் எண்ணெய்னா கியர் தேஞ்ச இரும்புப் பொடி. பல்லு முனை வாள் மாதிரிக் கூரா இருந்தா கியரும் போச்சு, கிராஸ் பின்னும் கூடவே மாத்துங்க. நம்ம மண்ணு சாதாரண மண்ணு இல்ல தம்பி. அதோட சிவப்பு இரும்பு ஆக்சைடு, நகை ஆசாரிங்க மெருகு போடுற சிவப்புப் பொடியும் அதேதான். அதோட கலந்திருக்கிற மணல் குவார்ட்ஸ், சாதா எஃகைக் கீறிரும். கிழிஞ்ச ஓ-ரிங் எண்ணெயை வெளிய விடும்போதே இதையும் உள்ள விட்டிருக்கும்.

கோட்டையூர்10:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். என்னோடது 1/10 ரெண்டு சக்கர ஓட்டம், பின்னாடி பால் டிஃப் (பல்சக்கரத்துக்குப் பதிலா இரும்புக் குண்டு வச்சது). அதே பொட்டல்ல ஓட்டலாமா?

செம்மண்பக்கி:
ஓட்டலாம், ஆனா கியர் டிஃப் மாட்ட வழி இருந்தா அதை மாட்டுங்க. பால் டிஃப்புக்கு மூடி கிடையாது, புழுதி நேரா குண்டுக்குப் போகும். அதையே வச்சுக்கிறதா இருந்தா: பெரிய குண்டுக்குச் சிலிக்கான் டிஃப் கிரீஸ், த்ரஸ்ட் பேரிங்குக்கு மாலிப்டினம் போட்ட கறுப்பு கிரீஸ். ரெண்டையும் மாத்திப் பூசினா குண்டு வழுக்கிக்கிட்டே இருக்கும். இறுக்கம் பார்க்க, பின் சக்கரம் ரெண்டையும் அமுக்கிப் பிடிச்சு ஸ்பரை முன்பக்கமாத் தள்ளுங்க. முதல்ல ஸ்லிப்பர் (ஸ்பரோட இருக்கிற வழுக்குற கிளட்ச்) வழுக்கணும். டிஃப் முதல்ல வழுக்கினா குண்டு உருள்ற வளையம் கருகிரும். வளையத்துல கோடு விழுந்திருந்தா கண்ணாடி மேல 600 நம்பர் உப்புத்தாளை வச்சு எட்டுப் போட்டுத் தேயுங்க, இல்ல புரட்டிப் போடுங்க.

ஊருணிக்கரை:
அவுட்டிரைவ், நைட்ரைல் ரிங் ரெண்டும் வந்துருச்சு. இப்ப எண்ணெய் எது? கையில 5,000 ஒண்ணு, 10,000 ஒண்ணு, பின்னாடிக்கு 3,000 இருக்கு. 7,000 தீர்ந்துருச்சு.

ரெண்டாம்கட்டு:
ரெண்டும் ஒரே கம்பெனின்னா சரிபாதி எடைக்குக் கலங்க. 7,500 வராது, 7,000 பக்கம்தான் வரும். கலவையில மெல்லிசு எண்ணெய்க்குத்தான் பலம் அதிகம். 1,000த்தையும் 10,000த்தையும் சரிபாதி கலந்தா 3,000 சொச்சம்தான். வேற வேற கம்பெனியைக் கலக்காதீங்க, புட்டியில போட்டிருக்கிற நம்பர் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது.

அந்த நம்பரும் 25 டிகிரியில அளந்தது. சித்திரை வெயில்ல 40 டிகிரிக்கு எண்ணெய் கால்வாசி இளகிரும், உங்க 7,000 அங்க 5,000 சொச்சமா நடக்கும். அதனால வெயில் காலத்துக்கு நடுவுல 10,000 என் கணக்கு. முன்னாடி அந்தக் கலவை. பின்னாடி 3,000த்தைத் தொடாதீங்க, புழுதியில பின் டிஃப் தடிச்சா வளைவுல த்ராட்டில் கொடுத்ததும் பின்பக்கம் வெளிய வழுக்கிச் சுத்தும். முன் டிஃப் தடிச்சா வளைவுக்குள்ள திரும்பச் சோம்பும், வெளிய வரும்போது நல்லா இழுக்கும். ஒரு தடவைக்கு ஒரு டிஃப் மட்டும் மாத்துங்க, இல்லேன்னா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

ஊருணிக்கரை:
நடுவுல 10,000 போட்டு நாலு பேட்டரி ஓட்டினேன். டிஃப்பைக் கழட்டித் துடைச்சு எடை போட்டா 0.02 கிராம்தான் குறைச்சல். முன் சக்கரம் உப்புறது நின்னுருச்சு. இப்ப பின்னாடி பிரேக் பிடிக்கும்போது ‘டிக் டிக்’னு ஒரு சத்தம்.

செம்மண்பக்கி:
அது ரிங் கியர் பினியன் தாண்டுற சத்தம். பின் டிஃப் இடம் வலம் ஆடுதா பாருங்க. ரிங் கியரோட முதுகுப் பக்கம் 0.1 மில்லிமீட்டர் ஷிம் ஒண்ணு கூட்டுங்க, ஆட்டம் இல்லாம இருந்தா எதிர்ப்பக்கத்துலேருந்து ஒண்ணை எடுத்து இங்க போடுங்க. கையால ஒரு முழுச்சுத்து விட்டா எங்கேயும் இறுகக் கூடாது. பினியன் பேரிங்கையும் ஆட்டிப் பாருங்க, அது ஆடினா ஷிம் போட்டும் சத்தம் நிக்காது. அதோட பின் டிஃப்லயும் அந்தச் சிவப்பு ரிங்தானே போட்டிருக்கீங்க?

ஊருணிக்கரை:
ஆமாண்ணே. மூணுலயும்.