லாபி செய்வோரைப் பதிவு செய்ய இந்தியாவில் சட்டம் வேண்டுமா?

கதிர்நிலவன்:
புகையிலைப் பொட்டலத்தின் இரு பக்கங்களிலும் 85 விழுக்காடு இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அதுவரை முன்பக்கத்தில் மட்டும் 40 விழுக்காடு இடத்தில் படம் இருந்தால் போதும். புதிய விதி 2015 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, துணைநிலைச் சட்டங்களை, அதாவது சட்டத்தின் கீழ் அரசு வகுக்கும் விதிகளை, ஆராயும் மக்களவைக் குழு அதைத் தள்ளிப்போடுமாறு பரிந்துரைத்தது. குழுத் தலைவர் திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதற்கான ஆய்வுகள் எல்லாம் வெளிநாட்டில் நடந்தவை என்று வாதிட்டார். குழு உறுப்பினர்களில் ஒருவரான அலகாபாத் எம்.பி. ஷியாமா சரண் குப்தா ஒரு பீடித் தொழிலதிபர். 2016 மார்ச்சில் வந்த இறுதி அறிக்கை, 85 விழுக்காடு மிகக் கடுமையானது, 50 போதும் என்றது. அரசு அதை ஏற்காமல் 2016 ஏப்ரல் 1 முதல் விதியை நடைமுறைப்படுத்தியபோது, பெரிய சிகரெட் நிறுவனங்கள் உற்பத்தியையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தன.

அந்த ஓராண்டில் எந்த நிறுவனத்தின் ஆட்கள் யாரைச் சந்தித்தார்கள், எவ்வளவு செலவிட்டார்கள், என்ன தாளைக் கையில் கொடுத்தார்கள் என்பதைக் குடிமகன் அறிந்துகொள்ள இந்நாட்டில் ஒரு பதிவேடுகூடக் கிடையாது. அரசின் முடிவைத் தம் பக்கம் திருப்ப இப்படிச் சந்தித்துப் பேசுவதைத்தான் லாபி என்கிறோம். அமெரிக்காவில், லாபி செய்வோர் பதிந்து கணக்குக் காட்ட வேண்டும் என்ற லாபி வெளிப்படுத்தல் சட்டம் 1995 முதல் இருக்கிறது. அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட் இந்தியச் சந்தைக்குள் நுழைவது உட்படப் பல விவகாரங்களுக்காக லாபி செய்யச் செலவிட்டது என்பதை 2012 டிசம்பரில் நாம் அறிந்ததே, அது அமெரிக்க செனட்டில் தாக்கல் செய்த கணக்குகளிலிருந்துதான். நம் நாட்டுக் கொள்கையைப் பற்றிய செய்தியை நாம் வேற்று நாட்டுப் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆகவே நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொருநைச்செல்வி:
ஐயா, நீங்கள் சொன்ன நிகழ்வுகளை மறுக்கவில்லை; முடிவைத்தான் மறுக்கிறேன். நான் திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் குடும்பத்தில் பிறந்தவள். அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு, ஈரத் துணியில் பொதிந்த இலையை அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டுவார். ஆயிரம் பீடி சேர்ந்தால்தான் கூலிக் கணக்கு. பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று சில கட்டுகளைக் கழித்துவிடுவார்கள். கழித்த பீடிக்குக் கூலி இல்லை.

இப்படிப்பட்ட லட்சக்கணக்கான பெண்கள் டெல்லிக்குக் குரல் எழுப்ப வேண்டுமானால் சங்கம் வழியாகத்தான் முடியும். அதுவும் லாபிதானே? 1966இல் பீடித் தொழிலாளர் சட்டமும் 1976இல் நல நிதிச் சட்டமும் யாரும் கேட்காமலா வந்தன? நீங்கள் கேட்கும் பதிவும் கணக்குத் தாக்கலும் வந்தால், பெரிய நிறுவனம் அதற்கென்று ஓர் அலுவலகத்தையே வைத்துக்கொள்ளும். எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர் அபராதத்துக்குப் பயந்து அமைச்சரைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். அரசிடம் போய்ப் பேசுவது குடிமக்களின் உரிமை. அதைக் குற்றம்போலப் பார்க்கும் சட்டம் முதலில் ஏழையின் வாயைத்தான் அடைக்கும்.

மாறன்:
இருவர் சொல்வதிலும் ஒரு விஷயம் விடுபடுகிறது. இந்தியாவில் லாபி என்ற சொல் இப்போதே ஆயுதமாகத்தான் பயன்படுகிறது. 2017இல் இந்தியப் பொது சுகாதார அறக்கட்டளையின் வெளிநாட்டு நிதி உரிமம் ரத்தானபோது, புகையிலைக் கட்டுப்பாட்டுக் கொள்கைக்காக அது வெளிநாட்டுப் பணத்தில் லாபி செய்தது என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதே காலத்தில் புகையிலை நிறுவனங்களின் தரப்பு செய்த லாபிக்கு எந்த விதியும் இல்லை. ஒரு தரப்பை மட்டும் கேள்வி கேட்கும் நிலையை மாற்ற, இருவருக்கும் பொதுவான பதிவேடு ஒன்றுதான் வழி என்று வழக்கறிஞனாக நான் கருதுகிறேன்.

பொருநைச்செல்வி:
பதிவேடு இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். 2003இல் அங்கே முதியோருக்கான மருந்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது, அரசு மருந்து நிறுவனங்களுடன் விலை பேரம் பேசக் கூடாது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். அந்தச் சட்டத்தை நிறைவேற்றுவதில் முக்கியப் பங்காற்றிய, அன்றைய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பில்லி டாசின், 2005இல் மருந்து நிறுவனங்களின் கூட்டமைப்புக்கே தலைவரானார். சில மருந்துகளுக்கேனும் பேரம் பேசும் அதிகாரத்தை அரசு பெற 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதிவேடு அத்தனை ஆண்டுகளும் இருந்தது, விலை குறையவில்லை.

கதிர்நிலவன்:
பதிவேடு லாபியை ஒழிக்கும் என்று நான் சொல்லவில்லை, அம்மா. யார் பேசுகிறார்கள் என்று காட்டும், அவ்வளவே. ஆனால் அந்த அவ்வளவு எனக்கு மிகப் பெரிது. டாசினின் கதையை நீங்கள் ஆண்டோடு சொல்ல முடிகிறது என்றால், அங்கே எவர் எவருக்காக வேலை செய்கிறார் என்பது எழுத்தில் கிடைக்கிறது என்றுதானே பொருள்?

தொழிலாளரைக் காட்டி நிறுவனங்கள் தங்கள் காரியத்தைச் சாதிப்பதுதான் என்னை உறுத்துகிறது. எச்சரிக்கைப் பட விதி முதலில் 2006இல் வெளியானது. பலமுறை தள்ளிப்போய், படங்களின் கடுமையும் குறைந்து, 2009 மே 31 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு போய்விடும் என்பது அப்போது முன்வைத்த காரணங்களில் ஒன்று. ஆனால் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது, அந்தப் பெண்களின் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் பணம் தந்துவந்த பீடி நல வரியை ரத்து செய்தார்கள். 85 விழுக்காட்டுப் படத்துக்காக ஆலையை நிறுத்தியவர்கள், அந்த நல வரிக்காக ஒரு நாளாவது நிறுத்தினார்களா?

மாறன்:
சகோதரியின் அச்சத்துக்குச் சட்டத்திலேயே இடம் தரலாம். ஆண்டுக்கு இவ்வளவு தொகைக்கு மேல் லாபிக்குச் செலவிடுவோர் மட்டும் பதிய வேண்டும் என்று வரம்பு வைத்தால் ஊர்ச் சங்கம் அதற்குள் வராது. என்னைக் கேட்டால், பதிய வேண்டிய பொறுப்பைச் சந்திக்க வருபவர் மேல் சுமத்துவதைவிட, சந்திக்கும் அமைச்சர், செயலர், நாடாளுமன்றக் குழு உறுப்பினர் மேல் சுமத்துவதே நல்லது. இன்ன தேதியில் இன்னாரைச் சந்தித்தேன், இந்த மனுவைப் பெற்றேன் என்று அவர்கள் வெளியிடட்டும். சங்கச் செயலாளருக்கு எந்தப் படிவமும் தேவைப்படாது. தொழிலில் சொந்த நலன் உள்ள உறுப்பினர் அந்தப் பொருள் வரும்போது குழுவிலிருந்து விலக வேண்டும் என்பதையும் விதியாகக் கட்டாயமாக்க வேண்டும். புகையிலையைப் பொறுத்தவரை இது புதிய கோரிக்கையும் அல்ல. இந்தியா 2004இல் ஏற்ற உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, அதன் 5.3ஆம் பிரிவில், சுகாதாரக் கொள்கையை அத்தொழிலின் வணிக நலனிடமிருந்து காக்குமாறு அரசுகளைப் பணிக்கிறது.

பொருநைச்செல்வி:
சந்திப்பவர் வெளியிட வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். சங்கங்கள் மீது சுமை வைக்கும் எந்தச் சட்டத்தையும் இப்போதும் எதிர்ப்பேன்; அதில் மாற்றம் இல்லை.

நல வரியைப் பற்றி ஐயா கேட்ட பிறகு, சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது என்று தோன்றுவதால் ஒன்றை எழுதுகிறேன். படப் பிரச்சினை நடந்துகொண்டிருந்த நாட்களில் எங்கள் தெருவுக்கு ஓர் ஒப்பந்ததாரரின் ஆள் ஒரு கட்டுத் தாள்களோடு வந்தார். பாஸ்புத்தகம் வைத்திருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் இலையும் தூளும் வருவது நின்றுவிடும் என்றார். அம்மா கையில் ஒட்டியிருந்த தூளைச் சேலையில் துடைத்துவிட்டு, அவர் காட்டிய இடத்தில் பெயர் எழுதினார். தாளின் மேற்பகுதி ஆங்கிலத்தில் இருந்தது. அது யாருக்கு எழுதிய மனு, அதில் அம்மா பெயரால் என்ன கேட்டிருந்தார்கள் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. மாறன் அண்ணன் சொல்லும் பதிவேடு வந்தால், அந்தத் தாளை எவர் வாங்கினார் என்பதை அதில் தேடிப் பார்ப்பேன்.