கிராஸ்டாக் கேன்சலேஷன் போட்டதும் குரல் மெலியுது, பேஸ் காணோம் – உதவி தேவை

மாடியறை:
வணக்கம். ரெண்டு ஸ்பீக்கர் செட்டப்ல கிராஸ்டாக் கேன்சலேஷன் (ஒரு பக்க ஸ்பீக்கர் ஒலி எதிர்ப்பக்க காதுக்குக் கசியறதை நீக்கறது) முயற்சி பண்றேன். எதிர்ப்பக்க சிக்னலைத் தலைகீழாக்கி, 2.5 டெசிபல் குறைச்சு, 90 மைக்ரோ நொடி தாமதிச்சு கலந்தாச்சு. ஓரத்து வாத்தியங்கள் நல்லா விரியுது. ஆனா நடுவுல பாடற குரல் மெலிஞ்சு மூக்கால பாடற மாதிரி கேக்குது. பேஸ் பாதி இல்லை. தலையைக் கொஞ்சம் அசைச்சாலே எல்லாம் கலைஞ்சிடுது. எங்கே தப்பு? நாளைக்கு வீட்டுக்கு ஆள் வர்றாங்க, அதுக்குள்ள சரி பண்ணணும்.

செவிமடல்:
நாலு விவரம் வேணும். எந்த மென்பொருள்? சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை சாம்பிள்) என்ன? ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரம், நீங்க உட்காரும் இடத்துக்கு எவ்வளவு? ஒரே தடவை கழிச்சீங்களா, இல்ல ரிகர்சிவா?

வால்வு_ராகம்:
தம்பி, முதல்ல ஒயரைப் பாருங்க. ஒரு ஸ்பீக்கர்ல சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தா நீங்க செய்யற கழித்தல் கூட்டலாயிடும், பேஸும் காணாமப் போகும். எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு மோனோ குரல் போடுங்க. ஆணி அடிச்ச மாதிரி நடுவுல நிக்கணும். நிக்கலைன்னா ஒயர்தான்.

நேர்கோடு:
மாதம் ஒருமுறை இதே கேள்வி, இதே அரைகுறை விவரம். 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஷ்ரோடரும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்த பிஷ்ணு அடலும் செய்து காட்டிய விஷயம் இது. தாமதம் என்பது யாரோ எழுதிய எண்ணைப் பார்த்துப் போடுவதல்ல, கோணத்திலிருந்து வருவது. தலையின் ஆரம் 8.75 செ.மீ. என்று கொண்டால், மையக்கோட்டிலிருந்து 10 டிகிரியில் உள்ள ஸ்பீக்கருக்கு இரு காதுக்குமான நேர வித்தியாசம் சுமார் 89 மைக்ரோ நொடி. 30 டிகிரிக்கு 261. ஸ்பீக்கர் 30 டிகிரியில் நிற்கும் வழக்கமான முக்கோண அமைப்பில் 90 போட்டால் ரத்தாக வேண்டியது ரத்தாகாது. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

மாடியறை:
ஒயர் சரியா இருக்கு, மோனோ நடுவுல நிக்குது. மென்பொருள் விண்டோஸுக்கான ஈக்வலைசர் ஏபிஓ. 44.1 கிலோ ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் இடைவெளி 2.4 மீட்டர், உட்கார்றதும் 2.4. ஒரு தடவைதான் கழிச்சிருக்கேன். ரிகர்சிவ்னா என்ன?

செவிமடல்:
ரெண்டு தப்பு சேர்ந்திருக்கு.

முதல் தப்பு, பாதியில் நிறுத்தினது. வலது சிக்னலைத் தலைகீழாக்கி இடது ஸ்பீக்கர்ல கொடுக்கிறீங்க. அந்தத் திருத்தம் இடது காதுக்கு மட்டுமா போகுது? வலது காதுக்கும் போகும். அதைத் துடைக்க இன்னொரு திருத்தம், அதையும் துடைக்க இன்னொன்று. இந்தத் தொடர்தான் ரிகர்சிவ். ஒரே தடவையோடு நிறுத்தினா, நடுக்குரலுக்குக் கீழ் அலைவரிசையில் 1 கழித்தல் 0.75 (2.5 டெசிபல் குறைச்சா 0.75 மடங்கு), அதாவது 0.25தான் மிஞ்சும். 12 டெசிபல் இறக்கம். அதே சிக்னல் 5.5 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் 1.75 ஆகி 5 டெசிபல் ஏறும். மெலிஞ்ச குரலும் காணாத பேஸும் இதுதான். ஓரத்து வாத்தியம் ஒரு பக்கத்துல மட்டும் இருப்பதால அதுக்கு இந்த அடி விழாது.

ரெண்டாவது தப்பு, 60 டிகிரி விரிப்பு. தாமதத்தை 261 ஆக்கினா கணக்கு சரியாகும், ஆனா உட்கார முடியாது. தலை 5 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தா, ரெண்டு ஸ்பீக்கர் ஒலியும் வந்து சேரும் நேரம் 146 மைக்ரோ நொடி விலகிடும். 2 கிலோ ஹெர்ட்ஸ்ல அது 105 டிகிரி ஃபேஸ், ரத்து ஆகறதுக்குப் பதிலா கன்னாபின்னான்னு சேரும். ஸ்பீக்கரை 20 டிகிரிக்குள்ள ஒடுக்கினா அதே 5 செ.மீ.க்கு 51 மைக்ரோ நொடிதான்.

செய்ய வேண்டியது: 2.5 மீட்டர்ல உட்கார்ந்தா ஸ்பீக்கர் நடுவுக்கு நடு 88 செ.மீ. அறை எதிரொலிச்சா 1.5 மீட்டருக்கு முன்னாடி வாங்க, அப்போ 53 செ.மீ. மூக்கு இருக்கிற இடத்துல ஒரு நூலைப் பிடிச்சு ரெண்டு ட்வீட்டர் (உச்ச ஒலி தர்ற சின்ன ஸ்பீக்கர்) வரைக்கும் அளந்து பாருங்க. வித்தியாசம் 5 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். அதுவே கிட்டத்தட்ட 15 மைக்ரோ நொடி.

ஏபிஓவில் பின்னூட்டச் சுற்று போடறது சிரமம். தொடரை விரிச்சு ரெண்டு வேவ் கோப்பாக்குங்க. 44.1ல 4 சாம்பிள் 90.7 மைக்ரோ நொடி, அது போதும். நேர்க் கோப்பு (அதே பக்க ஸ்பீக்கருக்கு): 0வது சாம்பிள்ல 1, 8ல 0.5625, 16ல 0.316. குறுக்குக் கோப்பு (எதிர்ப்பக்க ஸ்பீக்கருக்கு): 4ல கழித்தல் 0.75, 12ல கழித்தல் 0.422, 20ல கழித்தல் 0.237. இப்படியே 96வது சாம்பிள் வரை போனா மிச்சம் 60 டெசிபலுக்குக் கீழ இறங்கிடும். காப்பி கட்டளையால எல், ஆர் ரெண்டையும் நாலு சேனலாக்கி, ரெண்டுல நேர்க் கோப்பு, ரெண்டுல குறுக்குக் கோப்பு கன்வொலூஷன் போட்டு (கோப்பை ஃபில்டரா ஓட்டி), மறுபடி கூட்டுங்க. ப்ரீஆம்ப் (மொத்த ஒலி அளவு) 12 டெசிபல் கட்டாயம் இறக்கணும். எதிர் ஃபேஸ்ல வர்ற சிக்னல் 4 மடங்கு வரை ஏறும், இறக்கலைன்னா கிளிப் ஆகும் (உச்சம் வெட்டுப்பட்டு ஒலி சிதையும்).

வால்வு_ராகம்:
இவ்வளவு கணக்குக்கு முன்னாடி ஒரு மெத்தை போதும். ஸ்பீக்கரைச் சேர்த்து வெச்சு, நடுவுல பருத்தி மெத்தையை நிமிர்த்தி, மூக்கிலிருந்து ஒரு சாண் தூரம் வரை கொண்டு வாங்க. இடது ஒலி வலது காதுக்குப் போகாது. ரால்ஃப் கிளாஸ்கல் ஆம்பியோஃபோனிக்ஸை (கிராஸ்டாக் இல்லாம ஸ்பீக்கர்ல கேக்கற முறை) இப்படித் தடுப்பு வெச்சுத்தான் செஞ்சார், ரேஸ்ங்கற கிராஸ்டாக் நீக்கும் நிரல் அப்புறம்தான் வந்தது. மெத்தையோட விரியலைன்னா அறைதான் கெடுக்குது, எந்த நிரலும் காப்பாத்தாது.

நேர்கோடு:
மெத்தை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தடுக்காது. ஒலியியல் தெரிந்தவர் சொல்லும் பேச்சா இது?

வால்வு_ராகம்:
300க்குக் கீழ தடுக்கணும்னு யார் சொன்னது? ரேஸே 250 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் வேலை செய்யுது. சோதிச்சுப் பார்க்கத்தான் சொன்னேன், வாழ்நாள் முழுக்க மெத்தையோட உட்காரச் சொல்லலை.

மிக்ஸ்மேசை:
அடிப்படையிலேயே எனக்கு உடன்பாடில்லை. ஸ்டுடியோவில் 60 டிகிரியில் வைத்த ஸ்பீக்கரில், கிராஸ்டாக்கோடு கேட்டுத்தான் மிக்ஸ் செய்கிறார்கள். குரலின் ஈக்யூவே (அலைவரிசைச் சமன்பாடு) அந்தக் கசிவைக் கணக்கில் கொண்டுதான் முடிவாகிறது. அதை நீக்கினால் நீங்கள் கேட்பது வேறு பாட்டு.

செவிமடல்:
பாப், சினிமா மிக்ஸுக்கு அந்த வாதம் நியாயம். ஆனா போலித் தலையில் பதிஞ்ச பைனாரல் பதிவுக்கும், ரெண்டே மைக்கில் எடுத்த கச்சேரிக்கும் கிராஸ்டாக்தான் கெடுதல். அதனால ஆன்-ஆஃப் சுவிட்ச் கையெட்டும் தூரத்துல இருக்கட்டும். பழைய மோனோ பதிவுல விரிக்க எதுவுமே இல்லை, அணைச்சிடுங்க.

மாடியறை, வால்வு சார் சொன்ன அலைவரிசைப் பட்டையை (250 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோ ஹெர்ட்ஸ்) நான் விட்டுட்டேன். 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல தலையின் நிழல் 2.5 டெசிபலைத் தாண்டிடும், 0.75ங்கிற எண் பொய்யாகும். அதனால 250க்குக் கீழயும் 5,000க்கு மேலயும் தொடாம விடுங்க. பட்டையைப் பிரிக்க லீனியர் ஃபேஸ் எஃப்ஐஆர் (எல்லா அலைவரிசையையும் ஒரே அளவு தாமதிக்கிற ஃபில்டர்) போடுங்க, தொடாத பட்டைக்கும் அதே தாமதம் கொடுங்க. நடுப்பட்டையில குரல் 5 டெசிபல் இறங்கும். அதனால தொடாத பட்டையை 3லிருந்து 5 டெசிபல் குறைச்சு, காதால சரி பாருங்க.

நேர்கோடு:
இதெல்லாம் கைமருந்து. பிரின்ஸ்டனில் எட்கர் சூயெரி உருவாக்கிய பாக் முறையில் கேட்பவரின் காதுக்குள் மைக் வைத்து அளந்து, ஒலியின் நிறம் (தொனி) மாறாதபடி ஃபில்டர் வடிவமைக்கிறார்கள். சரியாகச் செய்ய விரும்பினால் அதுதான் வழி.

செவிமடல்:
சரியான வழிதான். அவருக்கு நாளைக்கு ஆள் வர்றாங்களே!

மாடியறை:
88 செ.மீ. வெச்சு, ரெண்டு கோப்பும் போட்டாச்சு. குரல் திரும்பிடுச்சு. பட்டைப் பிரிப்பு இன்னும் பண்ணலை. நாளைக்கு மூணு பேர் சோஃபாவுல உட்காருவாங்க, எல்லாருக்கும் கேக்குமா?

செவிமடல்:
கேக்காது. மையக்கோட்டில் இருப்பவருக்கு மட்டும்தான். பக்கத்து இருக்கைக்கு வேலை செய்யாது. ஒருத்தர் பின்னால் ஒருத்தரா நேர்கோட்டில் நாற்காலி போட்டா, பின்னால் இருப்பவருக்கும் ஓரளவு கிடைக்கும்.

அலைநீளம்_07:
அந்த ரெண்டு வேவ் கோப்பையும் இங்கே ஏத்த முடியுமா? என் டேக் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக்கும் கருவி) 48 கிலோ ஹெர்ட்ஸ்.

செவிமடல்:
அவர் கோப்பு 44.1க்குச் செஞ்சது, உங்களுக்கு ஆகாது. அதே எண்களை அதே சாம்பிள் இடங்கள்ல வெச்சு 48லேயே புதுசா எழுதுங்க. 4 சாம்பிள் 83 மைக்ரோ நொடி வரும். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ஓரிரு விரல் அகலம் நெருக்கி வெச்சாப் போதும்.