வாஷிங் மெஷின் நாற்றம்: ஒரு மாதத்திற்குப் பிந்தைய புதுப்பிப்பு

முன்கதவு வாஷிங் மெஷினில் துவைத்த துணிகளில் ஈரச்சாக்கு நாற்றம் வீசுவதாகவும், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமே காரணமாக இருக்கலாம் என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். என் ஊகம் பாதிதான் சரி. வளையத்தின் கீழ்மடிப்பில் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது உண்மை. ஆனால் அதைத் துடைத்தெடுத்த இரண்டே நாளில் நாற்றம் திரும்பிவிட்டது.

மெஷினின் முன்புறம் அடியில் உள்ள சிறு மூடியைத் திறந்து, அங்கிருக்கும் மெல்லிய குழாய் வழியாகத் தேங்கிய நீரைத் தட்டில் வடித்துவிட்டு, பம்ப் ஃபில்டரைத் திருகி எடுத்தபோதுதான் பஞ்சும் தலைமுடியும் கூழாகக் குழைந்து, ஒரு சட்டைப் பொத்தானோடு வெளியே வந்தன. வாங்கிய நான்கு ஆண்டுகளில் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர் என்பதால், டிரம்மைக் காலியாக வைத்து, 100 கிராம் சிட்ரிக் அமிலத்துடன் 60 டிகிரியில் ஓடவிட்டு, ஹீட்டரில் படியும் சுண்ணாம்புப் படிவைக் கரைத்தேன். இதனுடன் பிளீச்சிங் திரவத்தை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உருவாகும். சலவைத் திரவத்தைப் பாதியாகக் குறைத்ததும், துவைத்த பின் கதவையும் சோப்புத் தட்டையும் திறந்து வைப்பதும் அமிலத்தைவிட அதிகம் பயன் தந்தன என்பது என் கணிப்பு.

டிரையரில் ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்வதைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை. மூன்று வாரங்களாக நாற்றம் இல்லை.