தட்டானின் கண் மட்டும் தெளிவு, தும்பைப் பூ வெறும் வெள்ளைத் திட்டு: மேக்ரோ உதவி தேவை

வாய்க்கால்கரை:
வணக்கம். என்னிடம் கேனன் கிராப் சென்சார் (படம் பதியும் சில்லு கொஞ்சம் சிறியது) கேமராவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் இருக்கின்றன. மேக்ரோ, அதாவது சின்னப் பொருளை மிகக் கிட்டத்தில் பெரிதாக எடுப்பது, எனக்குப் புதிது. வீட்டுக்குப் பக்கத்து வாய்க்கால் கரையில் தட்டான், வண்ணத்துப்பூச்சி, தும்பைப் பூ இவற்றைத்தான் எடுக்கிறேன்.

தட்டானை ரொம்பக் கிட்டத்தில் போய் எடுத்தால் ஒரு கண் மட்டும் தெளிவாக விழுகிறது, மற்றதெல்லாம் கரைந்துபோகிறது. தும்பைப் பூவில் இதழ் மடிப்பு ஒன்றுகூடத் தெரியவில்லை, வெள்ளையாக வெளிறிவிடுகிறது. அப்புறம், அப்பர்ச்சரை (லென்ஸ் துவாரம்; எஃப் எண் கூடினால் துவாரம் சுருங்கும்) எஃப் 4-லேயே வைத்துக்கொண்டு நெருங்க நெருங்க ஷட்டர் வேகம் தானாகக் குறைகிறது. லென்ஸில் கோளாறா? ஏவி மோடில் (அப்பர்ச்சரை நான் வைப்பேன், ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கும்), ஐ.எஸ்.ஓ. எனும் ஒளி உணர்திறனை 200 வைத்து எடுக்கிறேன். ஷட்டர் 1/100 நொடி பக்கம் நிற்கிறது. காலையில் வேலை இருப்பதால் பத்து மணிக்கு மேல்தான் போக முடிகிறது.

கரிசல்மண்:
லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது எல்லா லென்ஸும் வெளிச்சத்தை இழக்கும். பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும் 1:1 நிலையில் இரண்டு ஸ்டாப் போய்விடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அதாவது வெளிச்சத்தில் கால் பங்குதான் உள்ளே வரும். நிக்கானில் எஃப் எண் மாறுவது திரையிலேயே தெரியும். கேனன் நீங்கள் வைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கேமராவின் மீட்டர் இதைக் கணக்கில் எடுத்துத்தான் வேகத்தைக் குறைக்கிறது.

இப்போது தட்டான். உங்கள் சென்சார் சுமார் 22 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம். 1:1-இல் இந்த அளவு இடம்தான் படத்துக்குள் அடங்கும். முழுத் தட்டான் அதில் நுழையவே நுழையாது! அதோடு எஃப் 4-இல் 1:1 எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணே அதைவிடப் பெரிது.

அதனால் முதலில் பின்னால் வாருங்கள். பாதி அளவில், அதாவது 1:2-இல், எஃப் 8 வைத்தால் ஆழம் கிட்டத்தட்ட 2 மி.மீ. கிடைக்கும். வேண்டுமானால் பிறகு கணினியில் வெட்டிக்கொள்ளலாம். எஃப் 11 வரை தாராளமாகப் போகலாம். 16-க்கு மேல் போனால், சின்னத் துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மழுங்கும். ஆழம் கூடும், தெளிவு போய்விடும்.

ஆனால் அப்பர்ச்சரை விடக் கோணம்தான் முக்கியம் என்பேன். தட்டானின் தலையிலிருந்து வால் வரை உள்ள கோடு சென்சாருக்கு இணையாக இருக்கட்டும். சரியாகப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் தலையும் வாலும் ஒரே தூரத்தில் இருக்கும். மேலிருந்து எடுத்தால் விரித்த இறக்கைகளும் அதே தளத்தில் வந்துவிடும். இறக்கையை மூடி உட்காரும் வண்ணத்துப்பூச்சிக்கும் இதே கணக்குதான். கேமராவைக் கொஞ்சம் திருப்பினாலே இறக்கை ஓரம் வரை செதில் செதிலாகத் தெரியும். முகத்துக்கு நேரே எடுக்கிறீர்களா, அப்போது கண் தெளிவாக இருந்தால் போதும், வால் கரைவது அழகுதான்.

செம்பருத்தி:
தும்பைப் பூவுக்கு நான் சொல்கிறேன். கேமராவுக்கு அது பூ என்று தெரியாது. படம் முழுவதையும் சேர்த்து ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சுற்றிலும் கரும்பச்சை இலை, நடுவில் சின்ன வெள்ளைப் பூ என்றால், இலைக்காக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பூ வெளிறிப்போகும். எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1-இல் வைத்துத் தொடங்குங்கள். போதாவிட்டால் மைனஸ் 1⅓.

இதையே மனப்பாடமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அதே பூ சட்டகம் முழுவதையும் நிறைத்தால் கேமரா அதை அழுக்குச் சாம்பலாக்கும். அப்போது பிளஸ் பக்கம் போக வேண்டும். மெனுவில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுவிடுங்கள். வெளிறிய இடம் திரையில் மினுங்கும். பூவில் மினுக்கம் நின்றதும் அடுத்த படத்துக்குப் போகலாம். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். கறுத்துப்போன இலையை ஓரளவு மீட்கலாம், முழுக்க வெளிறிய இதழில் மீட்க ஒன்றும் இருக்காது.

பத்து மணி வெயில் கஷ்டம்தான். பூவுக்கும் சூரியனுக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைத் துணியை யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். நிழல் கடுமை போய் இதழின் மடிப்புகள் தெரியும். துணியைப் பூச்சியிடம் கொண்டுபோனால் பறந்துவிடும், பூவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால்கரை:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. இன்று 1:2 தூரம், எஃப் 8, மைனஸ் 1 வைத்து எடுத்தேன். தும்பை இதழில் மெல்லிய ரோமம்கூடத் தெரிகிறது! பக்கவாட்டில் எடுத்த தட்டான் முழுதாக வந்துவிட்டது. ஆனால் பின்னால் நாயுருவிக் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. சில படங்கள் இன்னும் லேசாக அசைந்திருக்கின்றன.

பொதிகைத்தென்றல்:
குச்சியை ஒடிக்காதீர்கள், நீங்கள் நகருங்கள். ஒரு சாண் இடப்பக்கம் போனாலே பூச்சிக்குப் பின்னால் இருப்பது மாறிவிடும். முட்டி போட்டுப் பூச்சியின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்குங்கள். நின்ற இடத்திலிருந்து கீழே பார்த்து எடுத்தால் தரையும் சருகும்தான் பின்னணி, அதுவும் மிக அருகில். தாழ்ந்தால் வாய்க்காலின் எதிர்க்கரை பின்னணியாகும். தூரத்தில் இருப்பதால் ஒரே பச்சையாகக் கரைந்துவிடும், எஃப் 8-இல்கூட. பூச்சி பார்க்கும் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள்.

இன்னொன்று, தட்டானைத் துரத்த வேண்டாம். பல வகைகள் எழுந்து பறந்தாலும் அதே குச்சி நுனிக்கே திரும்பி வரும். குச்சிக்கு நல்ல பின்னணி அமையும் இடத்தில் முன்னமே உட்கார்ந்துகொள்ளுங்கள். மெதுவாக அசையுங்கள், உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது.

நெல்வயல்:
நடுவில் ஒரு சந்தேகம். என்னிடம் போன் மட்டும்தான். அதன் மேக்ரோ கேமரா 2 மெகாபிக்சல், படம் மோசமாக வருகிறது. என்ன செய்யலாம்?

செம்பருத்தி:
அதை விட்டுவிடுங்கள். முதன்மைக் கேமராவில் 2 மடங்கு ஜூம் வைத்து ஓர் அடி தள்ளி நின்று எடுங்கள். பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள்.

கரிசல்மண்:
வாய்க்கால்கரை தம்பிக்கு: அசைவுக்குக் காரணம் 1/100. குறைந்தது 1/250 வேண்டும், காற்று இருந்தால் 1/500. ஐ.எஸ்.ஓ.-வை 1600 வரை பயமில்லாமல் ஏற்றுங்கள். அதனால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கணினியில் குறைத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தை எதுவும் செய்ய முடியாது.

ஷட்டரைக் கூட்டியும் தெளிவில்லை என்றால், உங்கள் உடல் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று அர்த்தம். 2 மி.மீ. ஆழத்துக்கு அந்த ஆட்டமே அதிகம். ஆட்டோ ஃபோகஸை அணைத்து, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை வேண்டிய அளவில் நிறுத்திவிடுங்கள். முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு மெல்ல முன்னால் சாயுங்கள். கண் தெளிவாகத் தெரியத் தொடங்கும்போதே பட்டனை அழுத்திப் பிடித்து நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள். அவற்றில் ஒன்றிரண்டு சரியாக விழும்.